பட்டியலில் இல்லாத பெயர்

1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், இனிக் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நம் சேதுபாவாசத்திரக் கரைக்கு அப்பால், கடலைக் கடந்தால் யாழ்ப்பாணம். அந்நூலகம் அமைய ஆலோசனை நல்கியவர், நம் சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை இரங்கநாதன். அது உருவாக உழைத்தவர்களுள் ஒருவர் அருட்தந்தை லோங். பன்மொழிப் புலவரான அருட்தந்தை தாவீது, அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் துறந்தார் என்பர். ஆகவே அது அயலார் வீட்டு நெருப்பு அன்று.

அந்நெருப்பைப் பாடிய கவிதைகளுள் தலையாயது, கிழக்கிலங்கையைச் சேர்ந்த இசுலாமியக் கவிஞர் எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'. சின்னஞ்சிறு கவிதை. கனவொன்றில், நூலகப் படிக்கட்டருகே புத்தர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கொன்றவர்கள் சீருடை அணியாத காவலர்கள். இருளில் அமைச்சர்கள் வருகின்றனர். அன்று இரு அமைச்சர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தது வரலாறு. கொலைக்காக அவர்கள் வருந்தவில்லை. இவர் பெயர் பட்டியலில் இல்லையே என்றுதான் சினக்கின்றனர். இவரைக் கொல்லாமல் வேறெதையும் கொல்ல இயலவில்லை என்பது காவலரின் மறுமொழி. பின்னர் நூல்களே ஈமவிறகு ஆகின்றன.

எரிந்த நூல்களுக்காக மட்டும் அழுதிருந்தால் இக்கவிதை ஒப்பாரியாக முடிந்திருக்கும். நுஃமான் எரித்தவனின் வழிபாட்டறையை எட்டிப் பார்க்கிறார். ஆயினும் பௌத்தத்தை அவர் இழித்துரைக்கவில்லை. எரியும் நூல்களுள் அவர் பெயர் சொல்லுபவை சிகாலோவாத சூத்திரமும் தம்மபதமுமே. முன்னது, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நண்பர்க்கும் ஆற்றவேண்டிய கடமைகளை இல்லறத்தார்க்குப் புத்தர் உரைத்த அறவுரை. பிறர் நூலுக்குத் தீயிடுபவன் முதலில் தன் மறையையே எரிக்கிறான் என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமோ?

அந்தப் 'பட்டியல்' என்னும் சொல் நம்மையும் சுடுகிறது. நம் திருச்சபையும் 1559 முதல் 1966 வரை தடைநூல் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. பட்டியலைக் கையில் எடுப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயரை மட்டுமே தேடுவர். வத்திக்கான் சங்கத்திற்குப் பின் அப்பட்டியல் வலுவிழந்ததை இழப்பாகக் கருதுவோர் இக்கவிதையை ஒருமுறை படித்தல் நன்று.

எனினும் கவிதை தொடாத பக்கம் ஒன்றுண்டு. அதை 1953-இல் வெளிவந்த அமெரிக்கர் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' என்னும் புதினம் தொடுகிறது. அங்கே தீயணைப்போரே நூல்களை எரிக்கின்றனர். ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே மக்கள் வாசிப்பைத் தாமாகவே கைவிட்டிருந்தனர். தீ பிறகு வந்தது. நுஃமானின் குற்றவாளிகள் துப்பாக்கி ஏந்தியவர்களும் அமைச்சர்களும் மட்டுமே. பிராட்பரியோ வாசகரையும் கூண்டில் ஏற்றுகிறார். படிப்பாரின்றிக் கிடந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கம் உடைய தமிழர்க்கு இக்குற்றச்சாட்டு புதிதன்று.

இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது நம் கருத்து. யாழ் நூலகம் 2003-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுவரை எழுப்புவோர் இருந்தனர். சுவடிகளைத் திரும்ப எழுப்புவார் இல்லை. எஞ்சிய நூல்களையேனும் திறந்து படித்தல் நம் கையில் உள்ளது; பங்கு நூலகத்தின் பூட்டிய அலமாரியைத் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.