இரண்டாம் கியரில் 8,000

கிளமெண்டி அவென்யூ 6-லிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலைக்கு ஏறும் வழி. காலை 5.50. குவீன்ஸ்டவுனிலிருந்து நிதானமாக உருட்டிக்கொண்டு வந்ததில் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கிறது. பக்கத்து இருக்கையில், துவாஸில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பி. அவரை ஏற்றிக்கொள்ளத்தான் தினமும் கிளமெண்டிக்குள் நுழைவது. இரண்டாம் கியர் போட்டு வலது காலை முழுசாக அழுத்துகிறேன். சுழற்சிமானியின் முள் 3,000, 4,000 என்று ஒழுங்காக ஏறுகிறது. வேகம் 60-ஐத் தாண்டியதும் இன்ஜினின் குரலே மாறிப்போகிறது. கீழ்க்காலத்தில் வாசித்துக்கொண்டிருந்த தவில்காரர் சட்டென்று மேல்காலத்துக்குத் தாவுவாரே, அப்படி!

"அண்ணே, வந்துருச்சுண்ணே!" என்பார் தம்பி. ஆறு மாதமாக, தினமும். அவருக்கும் அலுக்கவில்லை, எனக்கும் அலுக்கவில்லை.

முள் 8,000-ஐத் தொடும்போது வேகம் 88, 89. அங்கே வேக வரம்பு 90. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட எனக்குத் தேவையில்லை. கிளட்ச்சை மிதித்து நேராக ஆறாம் கியர். 2,800 சுழற்சியில் துவாஸ் வரை அமைதியான பயணம்.

என் கார் ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2. சிவிக் டைப் ஆர் வரிசையில் நான்கு கதவு செடானாக வந்தது இது ஒன்றுதான். ஜப்பானில் 2007-இல் வெளிவந்து 2010-இல் தயாரிப்பு நின்றது. "90-க்கு மேல் போக முடியாத ஊரில் பந்தயக் கார் எதற்கு?" என்று கேட்காதவர்கள் இல்லை. என் பதில் அந்த ஏறுவழியிலேயே இருக்கிறது. 500 குதிரைத்திறன் கார் என்றால் தொண்டையைக் கனைப்பதற்குள் வரம்பு வந்துவிடும். இந்தக் கார் தன் பாட்டு முழுவதையும் பல்லவியிலிருந்து சரணம் வரை சட்டத்துக்கு உட்பட்டே பாடி முடித்துவிடுகிறது. சிங்கப்பூரில் தினமும் ஓட்ட இதைவிடப் பொருத்தமான வேகக் கார் கிடையாது. அடித்துச் சொல்வேன்.

அந்தக் குரல் மாற்றத்துக்குப் பெயர் வீடெக். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டில் இரண்டு வகை மேடுகள் இருக்கின்றன. மெதுவாகப் போகும்போது சின்ன மேடு வேலை செய்யும், பெட்ரோல் மிச்சம். சுழற்சி கூடியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளிப் பூட்டும். அந்த நொடியிலிருந்து பெரிய மேடு பொறுப்பேற்கும். வால்வுகள் இன்னும் ஆழமாக, இன்னும் நீண்ட நேரம் திறக்கும். இன்ஜின் நெஞ்சு நிறைய மூச்சிழுக்கும். டர்போ இல்லாமலே 2 லிட்டரில் 225 குதிரைத்திறன், அதுவும் 8,000 சுழற்சியில். இதை வரைந்து வடிவமைத்த பொறியாளர்கள் எதிரே வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

விலைக்கு வருவோம். கார் வாங்குமுன் இங்கே வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும், சிஓஇ. 2023 அக்டோபரில் பி பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. கார் அல்ல, 10 ஆண்டு கார் வைத்திருக்கும் உரிமை மட்டும்! அந்தப் பிரிவில் உயிருள்ள காருக்கும் அதே விலை, உயிரில்லாத காருக்கும் அதே விலை. அவ்வளவு கொடுத்துவிட்டு, ஓட்டும்போது கொட்டாவி வரும் ஒன்றை ஏன் வாங்க வேண்டும்? இப்படி யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் லெங் கீ ரோட்டுக் காட்சிக்கூடங்களை வாரக்கணக்கில் சுற்றினேன். கடைசியில் மனம் நின்றது, 2010-இல் பதிவாகி, 2020-இல் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட ஒரு வெள்ளை எஃப்டி2-வில்.

அந்த வெள்ளைக்கும் ஒரு கதை உண்டு. 1965-இல் மெக்சிகோவில் ஹோண்டா தன் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை வென்றது. வென்ற காரின் நிறம் வெள்ளை. அதை நினைவுபடுத்தும் இந்த நிறம் பளீர் வெள்ளை அல்ல. லேசாகப் பாலாடை கலந்த வெள்ளை. சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும்.

பத்து வயதைத் தாண்டிய கார் என்பதால் சாலை வரி கூடுதல்தான்; கூடுதல் 50 விழுக்காடு வரை போகும். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனையும் உண்டு. ஆனால் இதையும் யோசியுங்கள்: மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைச் சாதாரணப் பதிவில் இந்தத் தீவுக்குள் கொண்டுவர முடியாது. ஆக, இங்கே இருக்கும் எஃப்டி2-க்கள்தாம் இருப்பு. ஒன்று கழிந்தால் ஒன்று குறைந்தது. எனக்கு ஒன்று வாய்த்ததே பாக்கியம்.

கார் கைக்கு வந்ததும் முதலில் போனது காமன்வெல்த் டிரைவ் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்கு. ரயில்வேயில் உழைத்த நம்மவர்கள் வழிபட்டு வளர்த்த கோயில் அது. சக்கரத்தோடு பிழைத்தவர்களின் சாமி. என் காருக்கு அவரைவிடப் பொருத்தமான காவல் யார்? குருக்கள் பானெட்டில் சந்தனம் வைத்தார். நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சை. கிளட்ச்சை மெல்ல விட்டேன். நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கிய அந்தச் சின்னச் சத்தம், இன்ஜின் ஓடும்போதே, எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சஸ்பென்ஷன் கடினம். மேம்பாலம் ஒவ்வொன்றின் இணைப்பும் முதுகுத்தண்டில் தெரியும். தேக்காவுக்குக் காய்கறி வாங்கக் கூட்டிப்போனபோது அம்மா, "ஏம்ப்பா, இப்படித் தூக்கிப் போடுது?" என்றார். சிவப்பு இருக்கை அவரை இரு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொள்வதைக் கண்டதும், "சீட்டு நல்லாத்தான் இருக்கு" என்று ஏற்றுக்கொண்டார். எனக்கோ அந்தக் கடினம்தான் வேண்டும். ரோடு என்ன சொல்கிறது என்று உள்ளங்கைக்கு நேராகச் சேதி வருகிறது. ஷிஃப்ட் முடிந்து கண் சொக்கும் வேளையில்கூட இந்தக் கார் என்னைத் தூங்கவிடாது.

கியர் குமிழ் அலுமினியம். துவாஸ் வெயிலில் எட்டு மணி நேரம் நின்ற பிறகு அதைத் தொட முடியாது. அதற்காகவே மனைவி ஒரு சின்னத் துண்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். துண்டைச் சுற்றி முதல் கியர், இரண்டாம் கியர். ஏசி குளிர்ந்து குமிழும் குளிர்ந்ததும் துண்டை எடுத்துவிட்டு வெறுங்கையால் பிடிப்பேன். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் தூரம் கட்டைவிரல் அளவுதான் என்று தோன்றும். 'டக்'. பூட்டில் சாவி திரும்பும் துல்லியம்.

இந்தத் தீவின் நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நான் தினமும் போக வர ஓட்டுவதும் அவ்வளவுதான். முன்பு கிழக்கு மேற்கு ரயிலில் துவாஸ் லிங்க் வரை போய், அங்கிருந்து பேருந்து பிடித்து, வேலைக்கு முன்பே களைத்துவிடுவேன். இப்போது அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. சான்றிதழ் 2030 வரை இருக்கிறது.

நேற்று மழை. ஏறுவழி வழுக்கும் என்று 4,000-லேயே கியர் மாற்றிவிட்டேன். தம்பி திரும்பிப் பார்த்தார். "நாளைக்குண்ணே" என்றார்.