துறவும் வினையும்: மு. தளையசிங்கம் பற்றிய ஒரு மறுநோக்கு

அன்றாட வாழ்வில் எதனைச் செய்வது, எதனை விடுவது என்னும் வினா யாழ்ப்பாணத்துச் சைவச் சூழலில் நெடுங்காலமாக உசாவப்பட்டு வந்துள்ளது. கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964 இல் மறைந்த யோகர் சுவாமிகள், சும்மா இருத்தலையும் சிவதொண்டையும் ஒருங்கே வலியுறுத்தியமை பலரும் அறிந்ததே. ஆயின், இதனைத் தனிமனிதரின் உளச் சமநிலை பற்றிய வினாவாக மாத்திரம் கொள்வோர் இன்னொரு வினாவை எழுப்புவதில்லை. விடுமாறு கேட்கப்படுபவர் யார்?

பயன் கருதாது வினையாற்றுதல் வேண்டும் என்னும் கீதைக் கோட்பாடு நிலமுடையோனுக்கு ஓர் அறமாகலாம். குடிமைத் தொழில் செய்தவனுக்கோ, அவன் உழைப்பின் பயன் ஏலவே பிறர் கையில் இருந்தது. ஒன்றைத் துறப்பதற்கு முன் அது ஒருவனிடம் இருத்தல் வேண்டும். இதனைக் கருத்திற் கொள்ளாத துறவுபதேசம், உபதேசிப்பவரின் உள்ளம் எத்துணைத் தூயதாயினும், நிலவும் உற்பத்தி உறவுகளுக்குக் காவலாகவே அமைந்துவிடும்.

இப்பின்னணியிலேயே மு. தளையசிங்கத்தை (1935–1973) மீள நோக்க வேண்டியுள்ளது. புங்குடுதீவிற் பிறந்து, பேராதனையிற் கற்று, ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் முற்போக்கு அணியினரைக் கடுமையாக விமர்சித்தார். அதனாலேயே எம்மவருட் பலர் ‘ஆன்மிகவாதி’ என்ற ஒரு சொல்லுடன் அவரை ஒதுக்கினர். அது வசதியான ஒதுக்கல், திறனாய்வன்று.

கருத்துமுதல்வாதம், பொருள்முதல்வாதம் ஆகிய இரண்டையும் கடந்ததென அவர் முன்வைத்தது மெய்முதல்வாதம். ‘போர்ப்பறை’ (1970), அவர் மறைவின் பின் நூலாக வந்த ‘மெய்யுள்’ ஆகியன அதன் விரிவுகள். கலை ஒரு சிலரின் தனித்தொழிலாக இருக்கும் நிலை ஒழிந்து, எல்லாத் தொழிலும் கலையின் நிறைவைப் பெறவேண்டும் என்ற அவரது எண்ணம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. உழைப்பாளி தன் உழைப்பிலிருந்தே அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் 1844 இல் எழுதியவற்றுடன் அதனை ஒப்புநோக்கலாம். வேறுபாடு எங்கே எழுகின்றது? மார்க்ஸ் தனியுடைமையை நோக்கித் திரும்புகிறார். தளையசிங்கம் மனத்தின் பரிணாமத்தை நோக்கித் திரும்புகிறார். பேர்மன ஊழி வருமென அவர் கூறும்போது, அதனைக் கொணரும் சமூக சக்தி எது என்பது தெளிவின்றிப் போகிறது. இது சிறு குறையன்று.

எனினும் அவரது நடைமுறை அவரது தத்துவத்திலும் முன்னே சென்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டிலும் தீவுகளிலும் நன்னீர்க் கிணறே உயிர்நாடி; அதனைத் தொடும் உரிமையே சாதியதிகாரத்தின் கூரிய வடிவம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தும் கிணறுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் இவ்வரலாற்றின் பகுதிகள். 1971 இல் புங்குடுதீவில், ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர் அள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார், காவற்றுறையினரால் தாக்கப்பட்டார். நோயுற்று, நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார்.

பால்சாக்கின் படைப்பு அவரது அரசியற் சார்பை மீறிச் சென்றதென எங்கெல்ஸ் 1888 இல் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். தளையசிங்கத்திடத்தில் கருத்துநிலையை மீறியது படைப்பன்று, வாழ்வு. அவர் துறந்தது தம்மிடம் இருந்த ஒன்றை: ஊரில் தமக்கிருந்த மதிப்பையும் பாதுகாப்பையும். துறவு இங்கே வினையிலிருந்து விலகுதலாகவன்றி, வினைக்கு வேண்டிய முன்னீடாகவே தொழிற்பட்டது. பற்றறுத்தல் பற்றிய அவரது எழுத்துக்களை இந்நிகழ்விலிருந்து பின்னோக்கிப் படிப்பதே பொருத்தமானது; எழுத்திலிருந்து நிகழ்வுக்கு வருவோர் பக்தராகவோ பகைவராகவோ முடிகின்றனர்.

ஆயினும், சத்தியாக்கிரகம் எதிராளியின் மனச்சாட்சியை நம்பியது. அன்று அதற்கு விடையாகக் கிடைத்தது காவற்றுறையின் அடி. அக்கிணற்றடியில் நின்ற மக்களுக்கோ விடுவதற்கென எதுவும் இருக்கவில்லை. அவர்கள் கேட்டது குடிப்பதற்கு நன்னீர்.