இரு ஹார்ப்சிகார்டுகளும் நான்கு கைகளும்

பாக் இயற்றிய 'ஃபியூக் கலை'யில், ஒன்றையொன்று பின்தொடரும் மூன்று குரல்களாலான ஃபியூக் ஒன்று உண்டு. நீரில் தெரியும் உருவம்போல், ஏறும் சுரம் இறங்கவும் இறங்குவது ஏறவுமாக முழுவதையும் தலைகீழாக்கினும் அது பிழைபடாது. ஆயின் குரல்கள் வெகுதூரம் விலகியோடுவதால் ஒருவருடைய இரு கைகளுக்கு எட்டாது. எனவே அவரே அதனை இரு ஹார்ப்சிகார்டுகளுக்கென மாற்றியமைத்தார். மூன்று குரலுக்கு நான்கு கைகள்! வாளாவிருந்த கைக்கெனப் புதிய குரலொன்றைச் சேர்த்தார். அக்குரல் மட்டும் தலைகீழாவதில்லை. ஆகையால் பிரதிபிம்பத்தின் தூய்மை கெட்டது என்பர் சிலர். தாளில் நோக்குவார்க்கு அஃது உண்மையே. வாசிப்பவரை நினைந்தால் நான் பாக்கின் பக்கமே.

எளிய வழியொன்றும் உண்டு. 1725 ஆம் ஆண்டு லுல்லியைப் புகழ்ந்து வெளியிட்ட படைப்பின் முன்னுரையில், தம் முக்குரல் இசைகளை இரு ஹார்ப்சிகார்டுகளில் வாசிக்கலாம் எனக் கூப்பரேன் எழுதினார்: ஆளுக்கொரு மேற்குரல், இருவருக்கும் ஒரே பேஸ். தம் இல்லத்தாரோடும் மாணவரோடும் அவ்வாறே வாசித்தாராம். வீட்டுக்கு இது போதும். ஆனால் ஹார்ப்சிகார்டின் தந்தி இறகுமுனையால் மீட்டப்படுவது. விரலை அழுத்தி நாதத்தைப் பெருக்க இயலாது. பேஸ் இரட்டிக்கும்போது மேற்குரல்கள் அமுங்குகின்றன. வயலின் நீட்டிய சுரமோ தொட்டவுடன் தேய்கிறது. இன்று இம்முறையில் அமைப்போர் இரண்டாமவரின் இடக்கைக்கு வேறு பணி தருவாராக.