வேலை இழந்தவரும் கல்லூரி வாயிலும்: தமிழகத்தில் வாழ்நாள் கல்வி ஏற்பாடுகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

வாழ்நாள் முழுவதும் கற்றல் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பலவும் திருக்குறளின் கல்வி அதிகாரத்தைச் சுட்டித் தொடங்குவது ஒரு வழக்கமாகிவிட்டது. கற்றவருக்கு எல்லா நாடும் எல்லா ஊரும் சொந்தமாகும் நிலையில், ஒருவர் இறக்கும்வரை கற்காமல் இருப்பது ஏன் என்று 397ஆம் குறள் வினவுகிறது. அவ்வினா கற்க வேண்டியவரை நோக்கியது. அதே வினாவைக் கற்பிக்கும் நிறுவனங்களை நோக்கித் திருப்பும் ஆய்வுகள் அரிதாகவே காணப்படுகின்றன. முப்பது வயதில் வேலையை இழந்த ஒருவர் மீண்டும் கற்க முன்வந்தால், கல்லூரி அவரை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தத் தகுதியின் பேரில் ஏற்கும்? தமிழகத்தில் நடைமுறையிலுள்ள ஏற்பாடுகளை இவ்வினாவைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருத்தளவில் இத்துறை வறியதன்று. யுனெஸ்கோ அமைத்த எட்கர் ஃபோர் குழு 1972இலும், ழாக் டெலோர் குழு 1996இலும் அளித்த அறிக்கைகள் வாழ்நாள் கற்றலைக் கல்விக் கொள்கையின் மையத்தில் வைத்தன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1970களின் பிற்பகுதியிலேயே கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுடன் விரிவாக்கப் பணியையும் உயர்கல்வியின் மூன்றாம் கடமையாக ஏற்றது. அதன் வழியே வயதுவந்தோர் கல்வித் துறைகள் தோன்றின. அவற்றுள் சில இன்று வாழ்நாள் கற்றல் துறைகள் எனப் பெயர் மாறியுள்ளன. பெயர் மாறிய வேகத்தில் சேர்க்கை விதிகள் மாறவில்லை.

திருப்பெரும்புதூர் தரும் சான்று

நோக்கியா நிறுவனம் திருப்பெரும்புதூரில் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. வரித் தகராறு, நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டபோது சென்னை ஆலை அவ்விற்பனையில் சேராமற் போனது, திறன்பேசியின் எழுச்சி எனக் காரணங்கள் பல. அங்குப் பணியாற்றியோரில் பெரும்பாலோர் இளைஞர், பெண்கள் மிகுதி. பன்னிரண்டாம் வகுப்பு, ஐடிஐ, பட்டயப்படிப்பு ஆகியவற்றோடு பணியில் சேர்ந்தவர்கள். இழப்பீட்டுத் தொகை பலருக்குக் கிடைத்தது. எட்டாண்டுக் காலத்தில் அவர்கள் பெற்ற கைத்திறனுக்கு ஆலைக்கு வெளியே எந்தச் சான்றிதழும் இல்லை.

அவ்வாலையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆனால், நவம்பரில் வேலையிழந்தவர் அக்கல்லூரிகளில் சேர அடுத்த ஆண்டின் சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து சேர்ந்தாலும் பகல் முழுவதும் வகுப்பு. குடும்பம் நடத்த வருமானம் இராது. ஃபோர்டு நிறுவனம் 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலை 2022இல் ஓய்ந்தபோதும் இதே நிலைதான்.

மாலைக் கல்லூரியின் தேய்வு

இந்நிலை என்றும் இருந்ததன்று. எழுத்தர், ஆலைத் தொழிலாளர், கடை ஊழியர் ஆகியோர் பணி முடிந்து வந்து படிப்பதற்கென்றே ஒருகாலத்தில் மாலைக் கல்லூரிகள் நடந்தன. அவற்றின் இடத்தில் இன்று பெரும்பாலும் இருப்பது ‘இரண்டாம் ஷிப்ட்’. அது நண்பகலை அடுத்துத் தொடங்கி, அலுவலகங்கள் மூடும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் பயில்வோர் அவ்வாண்டு பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர்கள். ஒரே கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் கொண்டு இன்னொரு தொகுதி மாணவரைச் சேர்க்க முடிகிறது என்பதே இதன் பொருளியல். சேர்க்கை பெருகியதால் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் பயன்பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், உழைப்பவர் அமர்ந்திருந்த இருக்கையே அவர்களுக்கு அளிக்கப்பட்டது. உழைப்பவருக்கு மாற்று இருக்கை போடப்படவில்லை.

பகுதிநேரப் பொறியியல் படிப்பு எஞ்சியிருக்கும் ஒரு வழி. பட்டயம் பெற்றுப் பணியாற்றுவோர் மாலையில் பொறியியல் பட்டம் பெற இது உதவி வந்துள்ளது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2023-24 கல்வியாண்டு முதல் பணியிலிருப்போருக்கான தனி வகுப்புகளுக்கு இசைவளித்துள்ளது. இவற்றில் சேரப் பணியில் இருப்பதற்கான சான்று தேவை. பணி உயர்வு நாடுபவருக்கு இது தடையாகாது. ஆலை மூடப்பட்டதால் தெருவுக்கு வந்தவரிடம் அச்சான்றுதான் இல்லை. தொழில்மாற்றத்தால் யார் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறாரோ அவரையே விலக்கும் விதி இது.

தொலைநிலைக் கல்வியின் பங்களிப்பு பெரிது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கிய அஞ்சல்வழிப் படிப்புகளும், 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இல்லையேல் பட்டமே பெற்றிராத பெண்களும் ஊழியர்களும் ஏராளம். ஆயினும் கருவியைத் தொட்டுக் கற்க வேண்டிய தொழில்களுக்கு அஞ்சலில் வரும் பாடநூல் போதாது. மற்றொரு சிக்கலும் உண்டு. பள்ளி இறுதித் தேர்வுகளில் தேறாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை எனத் தமிழக அரசு 2009இல் ஆணையிட்டது. பட்டத்தின் தரம் காப்பது அதன் நோக்கமாக இருக்கலாம். காலம் கடந்து கற்க வந்தவருக்கோ, திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு மூடிய கதவு.

புதிய திட்டங்களும் பழைய கணக்கும்

2021இல் மானியக் குழு நிறுவிய கல்விசார் மதிப்பலகு வங்கி, இடைநின்றவர் முன்பு பெற்ற மதிப்பலகுகளைச் சேமித்து மீண்டும் தொடர வழிசெய்கிறது. சிறந்த ஏற்பாடு. ஆனால் மதிப்பலகின் ஆயுள் 7 ஆண்டுகள். பத்தொன்பது வயதில் ஓராண்டு படித்துவிட்டு வேலைக்குச் செல்பவர் முப்பதில் திரும்பினால் அவர் கணக்கில் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு தொழில் தோன்றி மறையும் காலம் 8 ஆண்டு என்பதைத் திருப்பெரும்புதூர் காட்டியிருக்க, 7 என்னும் எண் எந்தக் கணக்கில் வந்தது என்பது விளங்கவில்லை.

2022 மார்ச்சு 1 அன்று தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிப் பாடத்திட்டத்திற்குள் தொழில்திறன் படிப்புகளைக் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. எனினும் கல்லூரிக்குள் அதன் பயன் வருகைப்பதிவேட்டில் பெயருள்ள மாணவருக்கே சேர்கிறது. அதே ஆய்வுக்கூடம் ஞாயிற்றுக்கிழமையில் பூட்டிக்கிடக்கிறது.

முன்னோடியாகக் கொள்ளத்தக்கது சமுதாயக் கல்லூரி. புதுச்சேரியில் 1995இலும் சென்னையில் 1996இலும் தொடங்கிய இம்முயற்சி, படிப்பை இடையில் விட்டோரை வயது பாராமல் சேர்த்தது, பாடத்தை வகுப்பதில் உள்ளூர்த் தொழில்முனைவோரைக் கலந்தது, வேலையிடத்திலேயே பயிற்சியளித்தது. அதன் குறை, பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு ஏற உறுதியான படி இல்லாமை. வறியவருக்கான படிப்பு என்ற முத்திரை விழுந்ததற்கும் அதுவே காரணம் எனலாம். மேற்குறித்த மதிப்பலகு வங்கியோடு இதனை இணைத்து, ஆலையில் கற்ற திறனைச் சோதித்து மதிப்பலகு வழங்கினால் அக்குறை நீங்கும்.

செய்யத்தக்கன

ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடத்த 2024இல் மானியக் குழு இசைவு தந்தது. நவம்பரில் வேலை இழப்பவரை சனவரியில் சேர்க்கக் கல்லூரிகளுக்கு இனி விதி தடையாக இல்லை. தடையாக இருப்பது ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்று மானியக் குழு வரையறுத்துள்ளது. வயதுவந்தோருக்கு ஞாயிறன்று எடுக்கும் வகுப்பு அந்தப் பதினாறில் சேராதவரை, அது ஆசிரியரின் நல்லெண்ணத்தை நம்பிய தொண்டாகவே நிற்கும். தொண்டு ஓரிரு பருவங்களுக்கு மேல் நீடிப்பது அரிது.

தரமதிப்பீட்டு முறையும் மாற வேண்டியது. ‘நாக்’ குழுவின் அளவுகோல்களில் பழைய மாணவர் ஈடுபாடு என்றொரு பகுதி உண்டு. அவர்கள் கல்லூரிக்கு அளித்த நன்கொடை அங்கே இலட்சக் கணக்கில் கேட்கப்படுகிறது. அவ்வாண்டில் எத்தனை பழைய மாணவர் மீண்டும் கற்க வந்தனர் என்பதற்கு அங்கே கட்டமில்லை. அக்கட்டம் ஒன்று சேர்க்கப்பட்டாலே கல்லூரி முதல்வர்களின் கவனம் திரும்பும் என்பது இத்துறையின் இயல்பறிந்தோர்க்குப் புலப்படும்.

செலவை ஏற்பது யார் என்பது எஞ்சும் வினா. வேலையிழந்தவர் தம் இழப்பீட்டிலிருந்து கட்டணம் செலுத்த வேண்டும் என்பது முறையன்று. தமிழகத்தின் தொழிலாளர் நல வாரியங்கள் நெடுங்காலமாகக் கல்வி உதவித்தொகை வழங்கி வருகின்றன. அத்தொகை தொழிலாளரின் மகனுக்கும் மகளுக்கும் உரியது. விண்ணப்பப் படிவத்தில் தொழிலாளரின் பெயர் பெற்றோர் என்னும் இடத்தில் மட்டுமே வருகிறது. மாணவர் என்னும் இடத்திலும் அப்பெயரை எழுத இடமளிக்க அரசாணை ஒன்று போதும்.