நர்சம்மா வரும் நேரம்

பிள்ளைத்தாச்சியை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அரசு ஏற்பாடு இலங்கையில் வேரூன்றியது களுத்துறையில், 1926-ல். ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு அங்கே ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் தாதியர், மருத்துவிச்சிகள், பரிசோதகர்கள். மருத்துவிச்சி ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி. அங்குள்ள தாய்மாரும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. இன்றும் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்பதே கணக்கு. பிரசவமாகி வீடு திரும்பியவளை முதல் பத்து நாளில் இருமுறை பார்த்தாக வேண்டும். 1930-களில் லட்சம் பிரசவத்துக்கு 2,000-க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பறிகொடுத்த நாட்டில், 1950 வாக்கில் அந்த எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. மலேரியாக் கட்டுப்பாட்டுக்கும் இலவச ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வாசலில் வந்து நின்றவர் மருத்துவிச்சிதான்.

இந்தியா பின்தங்கித் தொடங்கவில்லை. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி தர, பின்னாளில் லேடி ரீடிங் பெயர் பெற்ற டெல்லி சுகாதாரப் பள்ளி 1918-லேயே வந்துவிட்டது. ஆனால் கிராமத்துக்கு இந்தச் சேவை இறங்கி வர, 1946-ல் போர் (Bhore) குழு அறிக்கையும் 1952-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வர வேண்டியிருந்தது. வந்த பிறகும், சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். போதாததற்குக் குடும்பக்கட்டுப்பாட்டு இலக்குகளும் பதிவேடுகளும் அங்கிருக்கும் நர்சம்மாவின் தலையில் ஏறின.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடியும்போதே கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்ட ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறிவிடுகின்றன. பிரஷர் பார்க்கும் கருவியும் தராசும் மாத்திரைகளும் பையில் இருக்க, பத்து மணிக்கு வரும் நர்சம்மாவுக்குப் பூட்டிய கதவுதான் எதிர்ப்படும். பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம், "மருமக வந்தா நாளைக்கு ஊசி போட வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இலங்கையும் சறுக்கியது தோட்டத்தில்தான். தமிழகத்திலிருந்து தேயிலைக் காட்டுக்குப் போன பெண்கள் நெடுங்காலம் கம்பெனி மருத்துவத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டார்கள். களுத்துறையில் பலித்த ஏற்பாடு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலுக்கு எளிதில் வரவில்லை. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும், மலையகத் தாய்சேய் இறப்பு நாட்டின் சராசரியைவிட உயர்ந்தே இருந்தது.

மலைப்பகுதிக்கு 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்று நம் அரசே விதி வைத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் சமவெளியில் இருந்தாலும், இந்தப் பெண்களின் பகல் மலையில் கழிகிறது. ஜீப் ஏறும் ஊர்களுக்கும் அந்த 3,000 கணக்கையே பொருத்துங்கள். நர்சம்மாவின் வேலை நேரத்தை ஜீப் திரும்பும் மாலைக்கு மாற்றி, அதற்கேற்பக் காலையில் ஓய்வு கொடுங்கள்.