கார்னெல் தாள் ஆய்வுக் கட்டுரைக்குப் பொருந்துமா?

குறிப்பெடுத்தல் என்றாலே நம்மில் பலர் மாணவர்களிடம் கொடுப்பது கார்னெல் தாள்தான். இடப்பக்கம் இரண்டரை அங்குலத்தில் ஒரு குறுகிய கட்டம், வலப்பக்கம் ஆறு அங்குலத்தில் குறிப்பு, அடியில் சுருக்கம். பாடத்துக்கும் இதே தாள், ஆறாம் படிவ மாணவரின் ஆய்வுக் கட்டுரைக்கும் இதே தாள். இரண்டாவது பயன்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் விரிவுரை கேட்கும் மாணவர்களுக்காக உருவாக்கிய முறை இது. வகுப்பு முடிந்ததும் இடப்பக்கத்தில் கேள்விகளை எழுதி, வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். பாடம் மனத்தில் நிற்கும். எஸ்பிஎம் இலக்கியத்துக்கு நாவலை மீள்பார்வை செய்யும் மாணவருக்கு இன்றும் இதையே சொல்வேன்.

ஆய்வுக்கு நினைவு மட்டும் போதாது. பல நூல்களில் படித்ததைப் பிரித்து, வேறு வரிசையில் அடுக்க வேண்டும். கார்னெல் தாளில் குறிப்புகள் அந்தந்த நூலின் வரிசையிலேயே கிடக்கும். அதைப் பார்த்து எழுதினால் முதல் பத்தி முதல் நூலின் சுருக்கம், இரண்டாம் பத்தி இரண்டாம் நூலின் சுருக்கம். வாதத்தைத் தேட வேண்டியதுதான். "சொந்தக் கருத்து இல்லை" என்று நாமும் சிவப்பு மையில் எழுதிவிடுகிறோம். குறையில் பாதி தாளில் இருக்கிறது.

அடுத்த குறை, யார் சொன்னது என்பதற்கு அதில் தனி இடம் கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை ஆராயும் மாணவரை எடுத்துக்கொள்வோம். பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர், பணி முடிந்தது 1943 அக்டோபர். இவை வரலாறு. நாவலில் ஒரு பாத்திரம் பேசுவது கற்பனை. இறந்த தமிழர்களின் எண்ணிக்கையோ நூலுக்கு நூல் மாறுகிறது. மூன்றும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால், "டீச்சர், இதை எங்க படிச்சேன்னு தெரியல" என்ற பதில்தான் வரும். பிறர் வாக்கியம் தன் வாக்கியமாக மாறுவதும் இப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும் வேண்டுமென்றே திருடுவதில்லை.

இதற்குப் பழைய குறிப்பட்டையே மேல். ஓர் அட்டையில் ஒரே கருத்து. மேலே இடப்பக்கம் உட்தலைப்பு, வலப்பக்கம் நூல் பெயரும் பக்க எண்ணும். மூலையில் ஓர் எழுத்து: மேற்கோளுக்கு 'மே', சுருக்கத்துக்கு 'சு', தன் கருத்துக்கு 'எ'. படித்து முடித்ததும் உட்தலைப்பு வாரியாக அட்டைகளை மேசையில் அடுக்கினால் கட்டுரைச் சட்டகம் கண்ணுக்குத் தெரியும். 'எ' அட்டைகள் குறைவாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும் என்று மாணவருக்கே புரிந்துவிடும். கணினியில் செய்பவர்கள் கூகல் ஷீட்டில் இதே கட்டங்களைப் போட்டு, உட்தலைப்பு வாரியாக வரிசைப்படுத்தலாம்.

அட்டைக்கும் குறை உண்டு. நேரம் பிடிக்கும். கருத்தைத் துண்டாக்கும்போது கதையோட்டம் நழுவும். அதனால் நாவலை முதல்முறை படிக்கும்போது கார்னெல் தாள் இருக்கட்டும், ஆராயத் தொடங்கும்போது அட்டைக்கு மாறட்டும்.

முதல் வரைவை வாங்கும்போது ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது மூன்று வாக்கியங்களைத் தொட்டு, "இதுக்கு அட்டை எங்கே?" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டினால், அந்த மாணவர் ஆய்வு செய்யக் கற்றுக்கொண்டார் என்று நம்பலாம்.