ஈரப் பஞ்சில் நாலு பயறு

சிறு குழந்தைக்கு உற்றுப் பார்க்கக் கற்றுத்தர, ஒரு கண்ணாடித் தம்ளரும் ஈரப் பஞ்சும் நாலு பச்சைப்பயறும் போதும். பயறு கண்ணாடியை ஒட்டி இருந்தால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். கிண்ணத்தில் கலகலத்த பயறு, ஓர் இரவு ஊறியதும் உப்பி, விரலுக்கு மெத்தென்று ஆகிறது. பிறகு பச்சைத் தோல் வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது. வேர் நீண்டதும் அதன்மேல் பூனைமயிர் போன்ற மெல்லிய தூவிகள் படர்கின்றன. தம்ளரைப் படுக்க வைத்தால், ஓரிரு நாளில் வேர்நுனி கீழே வளையும். தண்டு மேலே திரும்பும்.

தினமும் ஒரு படம் வரையும் குழந்தைக்கு, நேற்று இல்லாத வளைவு தானாகக் கண்ணில் படும். பெரியவர்கள் விடை சொல்ல வேண்டாம், “நேத்திக்கும் இன்னிக்கும் என்ன மாறியிருக்கு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். பஞ்சு காயாமல் தண்ணீர் தெளிப்பதும் குழந்தையின் வேலையாகவே இருக்கட்டும்.